ஊரை விட்டுவிட்டு எழுதியது

1922 ஜனவரி 13 அன்று இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் சென்னைக்கு வந்தார். அதன் நூறாண்டை ஒட்டி நான் எழுதிய கட்டுரையில் பவனி இருந்தது, அலங்கார வளைவுகள் இருந்தன, வரவேற்புப் பத்திரம் இருந்தது. ஊர் மட்டும் இல்லை. அன்றைக்குச் சென்னையில் அவர் வருகையைப் புறக்கணித்து ஹர்த்தால், கடையடைப்பு. மவுண்ட் ரோட்டில் வெலிங்டன் தியேட்டரைத் தாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் வீட்டைக் கூட்டம் வளைத்துக்கொண்டது. இதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

தெரியாமல் விடவில்லை. ‘ஹர்த்தால் – பிறகு பார்க்க’ என்று துண்டுச்சீட்டில் நானே குறித்து வைத்திருந்தேன். பார்ப்பதென்றால் இன்னும் இரண்டு நாள் நூலகத்துக்கு அலைய வேண்டும். அரசாங்கத்துப் பயணக் குறிப்போ மணி நிமிஷத்தோடு கையில் தயாராக இருந்தது; யார் எங்கே நிற்பது, யார் முதலில் கைகுலுக்குவது எல்லாம் அதிலேயே உண்டு. நடக்க வேண்டும் என்று போட்ட திட்டத்தை, நடந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் அமைச்சர் வருவதற்கு முதல் நாள் ராத்திரி தெருவோரம் பிளீச்சிங் பவுடர் கோடு விழுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அந்தப் பயணத்தின் கணக்கும் எனக்குத் தெரிந்ததுதான். 1921 நவம்பர் 17 அன்று இளவரசர் பம்பாயில் இறங்கிய அன்றே கலவரம் மூண்டு, சில நாளில் ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அலகாபாத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. டிசம்பர் 24இல் கல்கத்தா. அங்கேயும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று வைஸ்ராய் ரீடிங் காங்கிரஸோடு பேரத்துக்கே இறங்கினார்: ஹர்த்தாலைக் கைவிட்டால் வட்டமேசையில் பேசலாம். மதன் மோகன் மாளவியா தூது போனார். சிறையில் இருந்த காங்கிரஸ் தலைவர் சி.ஆர். தாஸுக்குச் சம்மதம். காந்தி போட்ட நிபந்தனைகளில் பேச்சு முறிந்தது. தெருவோரத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு வைஸ்ராய் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார். நானோ, சென்னையில் ஜனங்கள் ‘திரளாகக் கூடி வரவேற்றனர்’ என்று ஒரே வரியில் கூட்டத்தைச் சேர்த்துவிட்டேன்.

கட்டுரை வந்த மறு வாரம் ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் தபால் அட்டை போட்டிருந்தார். “அன்னிக்கு எங்கள் தாத்தா கடை திறக்கவில்லை. அதை ஏன் சார் விட்டுவிட்டீர்கள்?” அவ்வளவுதான். ‘இடநெருக்கடி காரணமாக’ என்று பதில் எழுதினேன். அந்தக் கட்டுரை முடிந்த பக்கத்தில் பாதி மிஞ்சிப்போய், இரண்டு துணுக்கும் ஒரு ஊறுகாய் விளம்பரமும் போட்டு நிரப்பியிருந்தோம். பத்திரிகை அவர் கையிலும் இருந்திருக்கும்.

அவரிடமிருந்து அப்புறம் அட்டை வரவில்லை. திருத்தம் நானும் போடவில்லை.