மருந்துக்கடையில் பெற்ற பாடம்

சென்ற மாதம் எம் தாயாரின் சர்க்கரை மாத்திரைக்காக மருந்துக்கடைக்குச் சென்றிருந்தோம். சீட்டில் கிளிமிபிரைடு 1 மி.கி. என்றிருக்க, உதவியாளரான இளைஞர் 2 மி.கி. அட்டையை எடுத்து வைத்தார். இரண்டின் உறையும் ஏறக்குறைய ஒன்றே. மருந்தாளுநரான சகோதரி அதைக் கண்டு தடுத்தார். இரட்டிப்பு அளவு உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து முதியவர் மயங்கி விழக்கூடும்.

அவர் இளைஞரைக் கடியவில்லை. "ஹஜ்ரத், சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு, மன்னித்துவிடுங்கள்" என்றார். பின்னர் அவ்விரு பெட்டிகளையும் வெவ்வேறு தட்டுகளுக்கு மாற்றச் செய்தார்.

இந்தியாவின் 1948 ஆம் ஆண்டு பார்மசி சட்டம், மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்குவதைப் பதிவுபெற்ற மருந்தாளுநரிடமே ஒப்படைக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காப்பதும், காலாவதி நெருங்கும் மருந்தை முன்னால் அடுக்குவதும் நிர்வாகம். பிறர் பிழையையும் தம் பொறுப்பாக ஏற்று, அது மீண்டும் நேரும் வழியை அடைப்பது தலைமை. இரண்டும் அமானிதமே.

ஒத்த வசனங்களைக் குழப்பி ஓதும் மாணவரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்வது எம் வழக்கமாயிருந்தது. அன்று மாலை எமக்கு நா எழவில்லை. மாணவரை அருகில் அழைத்து, அவ்விரு வசனங்களும் எங்கே பிரிகின்றன என்பதை எழுதிக் காட்டினோம்.