இளஞ்சவுக்கு தப்பியது

பொம்மையார்பாளையத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் சவுக்குதான் சொத்து. பிளஸ் டூ முடித்த மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. 'முன்பணம் கட்டுங்க, தனியார் கல்லூரியில சீட் உறுதி' என்றார் ஒரு புரோக்கர். இரண்டு வருஷச் சவுக்கை வெட்ட விலை பேசிவிட்டேன்.

'அந்தக் காலேஜுக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்காப்பா? எந்த ஆஸ்பத்திரியில பயிற்சி?' என்றாள் மகள். புரோக்கரிடம் பதில் இல்லை.

அரசுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தோம். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதில்தான் நிரப்பப்படுகின்றன. அப்படி ஓர் இடம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மீதிக் கட்டணத்துக்குக் கறவை மாட்டை விற்றேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

படிப்பு 4 வருஷம். சவுக்கு முற்றி எடை கூடட்டும். கடைசி வருஷத்துக்கு ஆகும். முன்பணம் கொடுக்கும் முன் நீங்களும் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.