துயிலுக்கு ஒரு சாட்சி

உறங்குவோன் தன் உறக்கத்தைத் தான் காண்பதில்லை. விழித்திருந்து செய்தனவற்றிற்கெல்லாம் நம் நினைவே சான்றாக நிற்க, வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிய துயிலுக்கு மட்டும் பிறர் வாய்ச்சொல்லே சான்றாதல் வியப்பன்றோ? என் குறட்டை நடுவே அறுவதையும், மூச்சின்றிச் சிறிது பொழுது யான் கிடப்பதையும், பின் திடுக்கிட்டு மூச்சு வாங்குவதையும் கண்டவர் என் மனைவியாரே. “மூச்சு நின்றவுடன் எண்ணத் தொடங்குவேன், சில வேளை முப்பது வரை எண்ணிவிடுவேன்” என்று அவர் வைத்தியரிடம் கூறியபோதுதான், எத்துணை இரவுகள் என் பொருட்டு அவர் விழித்திருந்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

இந்நோயைத் துயில் மூச்சுத்தடை என்பர். உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர்தல் இயல்பு. அத்தளர்ச்சி மிகின் மூச்சு செல்லும் வழி மூடிக்கொள்ளும். மூளை உடலை அரைகுறையாக எழுப்பி, வழியைத் திறப்பிக்கும். பத்து விநாடிக்குக் குறையாது மூச்சு நிற்பினும், அவ்வளவு பொழுது மிகக் குன்றினும், அதனை ஒரு தடையாகக் கொள்வர். மணிக்கு 5-க்குக் குறைவாயின் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. என் கணக்கு 34. பகலெல்லாம் கண் சொக்குவதற்கும், இரத்த அழுத்தம் தணியாமைக்கும் காரணம் அன்று புலனாயிற்று.

முற்காலத்தில் கடுமையான நோயாளர்க்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தலே சிகிச்சையாயிருந்தது. 1980-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் கொலின் சல்லிவன் என்னும் வைத்தியர், மூக்கின் வழியே காற்றை இடைவிடாது செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையைக் கண்டார். ஐந்து நோயாளர்க்கு அதனால் விளைந்த நன்மையை அவரும் துணைவரும் 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இன்று படுக்கையருகே சிறு பெட்டியாய் அமர்ந்திருக்கும் ‘சீபேப்’ கருவி அதன் வழி வந்ததே.

இனி, அழுத்தத்தைப் பற்றிச் சில சொல்வேன். அதனை நீர்மட்ட அளவால் குறிப்பர். பத்துச் சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழலின் நுனியை அமிழ்த்தி, ஊதிக் குமிழி எழுப்ப எவ்வளவு விசை வேண்டுமோ, அதுவே பத்து என்னும் அழுத்தம். என் கருவி 4 முதல் 20 வரை தானே ஏற்றி இறக்கும் வகையினது. முதல் மாதம் அவ்வெல்லை முழுவதும் திறந்தே இருந்தது. தடைகள் மணிக்கு 9 ஆகக் குறைந்தன. 34 எங்கே, 9 எங்கே! ஆயினும் பகற்சோர்வு முற்றும் நீங்கிற்றில்லை.

கருவியினுள் நகத்தளவான ஒரு நினைவட்டை உண்டு. ஒவ்வொரு மூச்சும் அதில் பதிவாகும். கணினியில் இட்டால் இரவு முழுவதும் கோடுகளாய் விரியும். என் வைத்தியர் இக்கல்லூரியிற் பயின்றவர். அவரும் யானும் அக்கோடுகளை இரவு இரவாக நோக்கினோம். சராசரி மறைத்ததைக் கோடு காட்டிற்று. தடைகள் இரவெங்கும் பரவியிருக்கவில்லை. கண்ணயர்ந்த முதல் மணியிலும், கனவு மிகுந்த விடியற்போதிலுமே திரண்டிருந்தன. குறட்டையும் தடையும் தலைகாட்டிய பின்னரே கருவி அழுத்தத்தை ஏற்றுகின்றது. நாலிலிருந்து அது ஏறி வருவதற்குள் வழி மூடிவிடுகின்றது. பின் பதினான்கு வரை தாவ, முகமூடியின் ஓரத்தில் காற்றுக் கசிந்து யான் விழித்துக்கொள்கின்றேன்.

“ஐயா, கீழெல்லையை மாத்திரம் ஏழாக்குவோம். முகமூடியை இப்போது மாற்ற வேண்டா. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால், பயன் எதனால் விளைந்ததென்று யார் அறிவார்?” என்றார் அவர். ஓரிரவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாது, பதினான்கு இரவுகள் காத்திருந்தோம். எண் 4-க்கு இறங்கிற்று. பின்னர்ப் பத்துவரை ஏற்றிப் பார்த்தபோது, புதுவகை நிறுத்தங்கள் தோன்றின: தொண்டை திறந்திருக்கின்றது, ஆனால் மூச்சிழுக்கும் முயற்சியே எழவில்லை. அழுத்தம் மிகுதலால் சிலர்க்கு இவ்வாறு நேரும் என்று விளக்கி, அவர் எட்டுக்கு இறக்கினார். அங்கே எண் 3-இல் நிலைத்தது. மூடிய வழியைத் திறக்கும் காற்றும் அளவிறந்தால் வேறொரு குறையை வருவிக்கும் என்பதை அப்பதிவு இன்றேல் யாங்கள் அறிந்திரோம். அவர் இசைவின்றி எண்ணைத் தொடுவதில்லை என்பது எங்கள் உடன்படிக்கை.

நிற்க. எண்ணே எல்லாம் அன்று. யான் உறங்குகின்றேனா, விழித்துக் கிடக்கின்றேனா என்பதைக் கருவி அறியாது. இரண்டையும் ஒன்றாகவே கணக்கிடும். இரத்தத்திற் பிராணவாயு எவ்வளவு என்பதையும் என் கருவி அளப்பதில்லை. எண் 2 என்று காட்டிய இரவுக்குப் பின்னும் சோர்ந்தெழுந்ததுண்டு; அன்று துயின்றது நான்கு மணி நேரமே. ஆதலின் கோட்டின் சாட்சியையும், பகற்பொழுதில் உடல் சொல்லும் சாட்சியையும், அருகிலிருப்போர் சாட்சியையும் ஒருங்கே கேட்டல் வேண்டும். மூன்றும் ஒத்தவிடத்தே அழுத்தம் சரியென்று துணியலாம்.

மாணவ நண்பர்களே, இது முதியோர்க்கே உரிய நோய் என்று எண்ணற்க. இளைஞரையும், மெலிந்தாரையும் இது விடுவதில்லை. விடுதியில் உங்கள் அறையில் உறைவோன் குறட்டை விட்டு, இடையே மூச்சடங்கித் திணறுவானாயின், அதனை நகைப்புக்குரியதாக்கி மறுநாள் உண்ணுமிடத்தில் நடித்துக் காட்ட வேண்டா. அவ்விடைவெளியை எண்ணுங்கள்; காலையில் அவனுக்கு மெல்ல எடுத்துரைத்து, வைத்தியரிடம் அனுப்புங்கள். தன் துயிலைத் தான் காணமாட்டாத நண்பனுக்கு நீங்கள் செய்யத்தக்க பேருதவி அதுவே.