‘பதிவாகிவிட்டது’ என்று எப்போது சொல்வது?

கோவை சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். பத்துப் பேருக்கும் குறைவு. திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் பின்னலாடை யூனிட்டுகளுக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் செய்கிறார்கள். கட்டிங்கிலிருந்து தையலுக்குப் போனது எத்தனை பீஸ், தையலிலிருந்து செக்கிங்குக்கு வந்தது எத்தனை, எந்தச் சலானில் போனது என்று பதிந்து வைக்கிற வேலை. சேவ் பொத்தானை அழுத்தியதும் திரையின் உச்சியில் ஒரு பச்சைப் பட்டை வந்து ‘சலான் பதிவாகிவிட்டது’ என்கிறது. அந்த ஒரு வரியைச் செய்கிறவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

“இதுக்குன்னு ஒருத்தர் வந்து பார்ப்பீங்கன்னு நினைக்கலைங்க” என்றார் குழுவின் தலைவர். அவரை எல்லோரும் அண்ணா என்கிறார்கள். மென்பொருள் அலுவலகங்களில் இந்த வரிகள் பெரும்பாலும் கடைசியில் எழுதப்படுபவை. யாருக்குக் கை ஓய்வாக இருக்கிறதோ அவர் எழுதுவது. இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது. முதல் பதிப்பில் பட்டையே கிடையாது. அழுத்தினால் படிவம் காலியாகி அதே பக்கம் திரும்ப வரும். தையல் யூனிட் சூப்பர்வைசர் என்ன நினைப்பார்? ஏறவில்லை என்று மறுபடி அடிப்பார். ஒரே சரக்குக்கு இரண்டு சலான் ஏறி, மாதக் கடைசியில் கூலிக் கணக்கு உதைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்ததாம்.

பட்டை வைத்துவிட்டால் போதாதா? போதாது. இதற்குக் கீழே இணையத்தின் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. படிவத்தை அனுப்பியதும் சர்வர் அங்கேயே பதில் பக்கத்தைக் காட்டினால், பார்ப்பவர் ரீஃப்ரெஷ் அழுத்தும்போது பிரவுசர் அதே படிவத்தை மறுபடி அனுப்பப் பார்க்கும். அதனால் பதிந்து முடித்ததும் பக்கத்தைக் காட்டாமல், ‘அந்த முகவரிக்குப் போ’ என்று பிரவுசரைத் திருப்பிவிடுவது வழக்கமாயிற்று. மைக்கேல் ஜூராவ்லெவ் 2004இல் இதை விளக்கி எழுதிய பிறகு இந்த முறைக்குப் பெயரும் பரவலும் கிடைத்தன. ஆனால் திருப்பிவிட்டதும் அது புது வேண்டுகோள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு முந்தைய வேண்டுகோள் நினைவில் இருக்காது. சலான் பதிவானது ஒரு வேண்டுகோளில். அதைச் சொல்ல வேண்டியது அடுத்ததில்.

“ஒரு கவுண்டர்ல பில் போட்டு, துண்டுச் சீட்டு குடுத்து, அடுத்த கவுண்டருக்கு அனுப்பற மாதிரிங்க. அங்க காட்டினதும் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க” என்றான் பட்டையைச் செய்யும் இளைஞன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வாய் மட்டும் தெளிவு. சீட்டு என்று அவன் சொன்னது குக்கியை. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுலி உருவாக்கியது அது.

இவர்கள் பயன்படுத்துவது ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்த ஃபிரேம்வொர்க். தொடக்கத்தில் இத்தகைய வரிகளை அது டேட்டாபேஸில், பயனரின் பெயரோடு சேர்த்து வைத்தது. உள்ளே நுழையாத ஆளிடம் எதுவும் சொல்ல முடியாது. 2010இல் வந்த 1.2 பதிப்பில்தான் இப்போதுள்ள மெசேஜ் ஏற்பாடு வந்தது. வரியை முதலில் குக்கியில் வைக்கும். 2048 பைட்டைத் தாண்டினால் மீதியை சர்வர் பக்கம் இருக்கும் செஷனுக்குத் தள்ளும். யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ‘ம’வுக்கு மூன்று, ‘மீ’க்கு ஆறு. நம் வரிகள் அந்தச் சின்னச் சீட்டைச் சீக்கிரம் நிரப்பிவிடும். இளைஞனுக்கு இதில் கவலையில்லை. செஷன் இருக்கிறதே என்கிறான்.

வரிகளுக்கு நிலை உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண். பிழைதேடலுக்கு 10, தகவலுக்கு 20, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40. பைத்தான் மொழியில் இயந்திரம் தனக்காக எழுதிக்கொள்ளும் பதிவேட்டிலும் இந்த எண்கள்தான். ‘வெற்றி’ என்ற நிலை மட்டும் அந்தப் பதிவேட்டில் இல்லை; ஜாங்கோவில் உண்டு, 20க்கும் 30க்கும் நடுவே 25 என்று செருகியிருக்கிறார்கள். இயந்திரத்துக்கு ஒழுங்காக நடந்தது செய்தியே இல்லை. மனிதருக்கோ அதுதான் முதல் செய்தி. இந்த இடைச்செருகலைக் கண்டதும் எனக்கு இந்தத் தொழில் மீது தனி மரியாதையே வந்துவிட்டது.

நிறம் இன்னொரு வேடிக்கை. பட்டைக்கு வண்ணம் கொடுப்பது பூட்ஸ்ட்ராப். பிழையை ஜாங்கோ ‘எரர்’ என்கிறது, பூட்ஸ்ட்ராப் ‘டேஞ்சர்’ என்கிறது. இரண்டையும் இணைத்துவிடாவிட்டால் மற்ற பட்டைகள் நிறத்தோடு வரும். சிவப்பாக வர வேண்டிய ஒன்று மட்டும் வெளிறி நிற்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதில் ஒருமுறை முட்டிக்கொள்வார்களாம்.

மதியத்துக்கு மேல் டெஸ்டர் அம்மா பக்கம் போய் உட்கார்ந்தேன். முன்பு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவர். இளைஞன் அவரை அக்கா என்பான், கொஞ்சம் பயத்தோடு. காரணம் இருக்கிறது. வரி அழகாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. உண்மையா என்று பார்க்கிறார்.

எனக்கு ஒன்றைச் செய்து காட்டினார். இளைஞனின் நிரலில் ‘பதிவாகிவிட்டது’ என்ற வரி சற்று முன்னதாகவே எழுதப்பட்டிருந்தது. இருப்பைக் கழிக்கும் வேலை அதற்குப் பிறகு. கழிக்கும்போது வேண்டுமென்றே கோளாறு வரும்படி செய்தார். டேட்டாபேஸ் எல்லாவற்றையும் பின்வாங்கிக்கொண்டது, சர்வர் பிழைப் பக்கம் வந்தது. சரிதானே என்று நினைத்தேன். பொறுங்க என்று முகப்புப் பக்கத்தைத் திறந்தார். உச்சியில் பச்சைப் பட்டை: ‘சலான் பதிவாகிவிட்டது.’ டேட்டாபேஸ் பின்வாங்கியது, சீட்டு பின்வாங்கவில்லை. பிழைப் பக்கத்தோடு சேர்ந்து குக்கியாகப் பிரவுசருக்குப் போயிருக்கிறது.

“இல்லாத சலானை இருக்குன்னு சொல்லுது பாருங்க. இதை நம்பி லோடு அனுப்பிடுவாங்க” என்றார். இளைஞன் ஒன்றும் பேசாமல் வரியைக் கீழே இறக்கினான்.

அவருடைய இன்னொரு சண்டை மின்னஞ்சலைப் பற்றியது. பார்ட்டிக்கு சலான் நகல் போகிறது. பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் உடனே போவதில்லை. வரிசையில் சேர்கிறது, பின்னணியில் இன்னொரு நிரல் எடுத்து அனுப்புகிறது. பட்டையோ ‘அனுப்பப்பட்டது’ என்றது. முகவரி தப்பாக இருந்தால்? இப்போது ‘அனுப்ப எடுத்துக்கொண்டோம்’ என்றிருக்கிறது; போய்ச் சேராவிட்டால் சலான் பட்டியலில் அந்த வரிசைக்கு எதிரே சிவப்புக் குறி விழும். அண்ணாவுக்கு இது கூடுதல் வேலையாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு அக்கா சொன்னதே சரியாகப் பட்டது.

சொல்லாமல் விடவேண்டிய இடமும் உண்டு. நுழைவுப் பக்கத்தில் பயனர் பெயர் தப்பா, கடவுச்சொல் தப்பா என்று பிரித்துச் சொல்வதில்லை. இரண்டில் ஒன்று தவறு என்று மட்டும். பிரித்துச் சொன்னால் எந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று திருட வருபவர் துழாவிக்கொள்வார்.

பார்வையற்ற ஒருவர் இவர்களுக்குப் பகுதிநேரமாகச் சோதித்துத் தருகிறார். நான் இருந்த அன்று வந்திருந்தார். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளோடு வேலை செய்பவர். அதன் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. படிவத்தை அனுப்பினார். பக்கத் தலைப்பு, மெனு, மெனு, மெனு. பச்சைப் பட்டை மௌனம். இணையப் பக்கங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்று 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறையில் நிலைச் செய்திகளுக்கென்றே 4.1.3 என்று ஒரு விதி உண்டு: கவனத்தை அங்கே நகர்த்தாமலே அந்தச் செய்தி திரைவாசிப்பானுக்கு எட்ட வேண்டும். பட்டைக்கு ‘ஸ்டேட்டஸ்’ என்ற அடையாளத்தை இளைஞன் கொடுத்துத்தான் இருந்தான். “இருக்குங்க தம்பி, ஆனா பக்கம் வரும்போதே எழுத்தும் சேர்ந்து வந்துடுச்சு. இதுக்கு அது மாற்றமாவே தெரியாது” என்றார் அவர். முதலில் வெற்றுப் பெட்டி வரவேண்டும், பக்கம் வந்து நின்றபின் எழுத்து உள்ளே விழவேண்டும். அப்படி மாற்றினார்கள். இப்போது குரல் வந்தது, ஆனால் தமிழ் வரியை ஆங்கிலக் குரல் படிக்க முயன்று திணறியது. அந்தப் பெட்டியின் மொழி தமிழ் என்று குறித்த பிறகே தமிழ்க் குரல் எடுத்துக்கொண்டது.

பட்டை எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நீண்ட நாள் தகராறு. சில நொடியில் தானாக மறைந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்பது அண்ணா கட்சி. அக்கா யூனிட்டில் போய் உட்கார்ந்து பார்த்தவர். அங்கே சூப்பர்வைசர் ஒரு கண்ணை பண்டல் மீது வைத்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துகிறார். நிமிர்ந்தால் பட்டை போயிருக்கும். இப்போது எந்தப் பட்டையும் தானாக மறைவதில்லை. இரண்டு டேப் திறந்துவைத்தால் ஒன்றின் செய்தி மற்றதில் போய் விழும் தொல்லை இன்னும் இருக்கிறது. அதனால் வரிக்குள்ளேயே சலான் எண்ணையும் போட்டுவிட்டார்கள்.

நான் இருந்த நேரத்தில் முடியாமல் கிடந்தது ஒரு வரி. பொத்தானை அழுத்தியபின் நெட் அறுந்துவிடுகிறது. படிவம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா, போகும் வழியிலேயே அறுந்ததா? பிரவுசருக்குத் தெரியாது. ‘பதிவாகவில்லை’ என்று இளைஞன் எழுதியிருந்தான்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா.

“தெரியாதுக்கா. தெரியாதுன்னு எப்படி எழுதறது?”

கடைசியில் எழுதியது இது: ‘பதில் வரவில்லை. சலான் பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் மட்டும் மறுபடி பதியுங்கள்.’ போனில் மூன்று வரிக்கு மடங்குகிறது, நீளம் என்றார் அண்ணா. அக்கா விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இளைஞன் வேறொன்று சொன்னான். படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிடலாம், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் இரண்டாவது சலான் போடக்கூடாது. அப்போது எத்தனை முறை அழுத்தினாலும் கெடுதல் இல்லை. ‘பதில் வரவில்லை, மறுபடி அழுத்துங்கள்’ என்று நான்கே சொல்லில் முடித்துவிடலாம்.

“அதை முதல்ல செய்” என்றார் அக்கா. “அதுவரைக்கும் நீளமாவே இருக்கட்டும்.”