இறங்கிய நம்பர்

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான் தப்பாகப் படித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை!

2016. கரன்ட் இல்லாத ஓர் அதிகாலை. பல் தேய்க்க என் பெரியப்பா எடுத்தது டூத் பேஸ்ட் இல்லை. பக்கத்தில் கிடந்த எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது. கொஞ்சம் விழுங்கியும் விட்டார். வாந்தி, வயிற்றெரிச்சல். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சாயங்காலமே தெம்பாக எழுந்து உட்கார்ந்துவிட்டார். எஸ்.ஜி.பி.டி. 34. நாற்பது வரைக்கும் நார்மல். ''அதான் ஒண்ணுமில்லனு வந்துடுச்சே... வீட்டுக்குப் போலாம்டா'' என்றார். ''ரெண்டு, மூணு நாள் இருக்கட்டும்'' என்று டாக்டர் சொல்லச் சொல்ல, கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தவன் நான்தான்.

இந்த விஷம் அப்படித்தான் ஏமாற்றும். முதல் நாள் படுத்தும். அப்புறம் ஓரிரு நாள் சத்தமே இருக்காது. உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. திரும்ப ஓடினோம். எஸ்.ஜி.பி.டி. 1,400. ஐந்தாம் நாள் அது 380! பெரியம்மாவுக்கு நானே போன் போட்டேன். ''இறங்கிடுச்சு பெரியம்மா, பயப்படாதீங்க!''

டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. ''எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள்ள இருக்கிற சரக்கு. செல் உடைஞ்சா ரத்தத்துல கொட்டும். உடையறதுக்கு செல்லே மிச்சமில்லைன்னாலும் நம்பர் இறங்கும் தம்பி. இதைப் பாருங்க'' என்று வேறொரு வரியைக் காட்டினார். ஐ.என்.ஆர்.! ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதற்கான கணக்கு. உறைய வைக்கும் புரதங்களைத் தயாரிப்பது கல்லீரல்தான். 1-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 6-ஐத் தாண்டியிருந்தது. பிலிருபினும் ஏறிக்கொண்டே போனது.

ஆறாம் நாள் பெரியப்பா இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால், இரண்டு நாளை வீணாக்கியது நான்.

''நீதானடா இறங்கிடுச்சுன்னு சொன்னே?'' என்று பெரியம்மா கேட்டதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். இந்த விஷத்துக்கென்று மாற்று மருந்து கிடையாது. 'நல்லாத்தான் இருக்கேன்' என்று அவரே சொன்னாலும், டாக்டர் சொல்லும் வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். எஸ்.ஜி.பி.டி. இறங்கினால் சந்தோஷப்படுங்கள். அதற்கு முன்னால், ''ஐ.என்.ஆர். எவ்வளவு சார்?'' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் கேட்கவில்லை.