பெரிய சில்லு

“உது எவ்வளவு ஓடும்?” பாரிசின் லா சப்பேல் பக்கம் மின்சார ஒற்றைச் சில்லோடு போய் நின்றால் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் போகும், ஆனால் நான் 25க்கு மேல் ஓடுவதில்லை என்று சொன்னதும் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். மளிகைக் கடை அண்ணை ஒருவர் மறைக்காமல் கேட்டார்: “அப்ப என்னத்துக்குத் தம்பி உவ்வளவு காசைக் குடுத்து வாங்கினனீர்?” நியாயமான கேள்வி. கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு நடுவே நின்று சொல்லி முடிக்க ஏலாத அளவுக்குப் பதில்தான் கொஞ்சம் நீளம்.

சாமானைப் பார்க்காதவர்களுக்காக: ஒரே ஒரு சில்லு, அதை மூடி ஒரு கூடு, இரண்டு பக்கமும் மடித்து விரிக்கக்கூடிய மிதிபலகைகள். கைபிடி கிடையாது, இருக்கை கிடையாது, பிறேக்குக்கென்று ஒரு விசையும் கிடையாது. முன்னே சாய்ந்தால் போகும், பின்னே சாய்ந்தால் நிற்கும். பிரெஞ்சுக்காரர் இதை ஜிரோரூ என்கிறார்கள். 2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஷேன் சென் என்பவர் கொண்டுவந்த சோலோவீல்தான் இந்த வகையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. பிறகு தொழில் சீனாவின் ஷென்ஜென் பக்கம் போய் அங்கேயே வளர்ந்துவிட்டது. என்னுடைய பழையதும் புதியதும் அங்கிருந்து வந்த இன்மோஷன் சில்லுகள். பழையது வி8: 16 அங்குலம், 14 கிலோவுக்குள் எடை, 800 வாட் மோட்டர். புதியது வி11: 18 அங்குலம், 27 கிலோ, 2,200 வாட், அதோடு காற்றடைத்த அதிர்வுதாங்கி. பற்றரி ஏறத்தாழ மூன்று மடங்கு. அங்குலக் கணக்கில் வித்தியாசம் இரண்டுதான். காலுக்குத்தான் அது வேறு பிராணி என்று தெரிகிறது.

இதில் ஏறி நிற்பவரை முன்னும் பின்னும் விழாமல் வைத்திருப்பது மோட்டரின் சக்தி மட்டும்தான். உள்ளேயுள்ள ஜைரோஸ்கோப் நம் சாய்வை உணர்ந்தவுடன், மோட்டர் சில்லை ஓட்டிக்கொண்டுவந்து நம் பாரத்துக்குக் கீழே நிறுத்துகிறது. பக்கவாட்டுச் சமநிலை சைக்கிளைப்போல நம்முடைய பொறுப்பு. வேகம் கூடக்கூட, சுழலும் மோட்டர் தானே ஒரு எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்குவதால், பற்றரி அதைத் தள்ளுவதற்கு மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். முழுச் சார்ஜில் 84 வோல்ட் காட்டும் பற்றரியும் ஓட ஓட இறங்கும். குளிர்காலம் என்றால் இன்னும் மோசம். காரில் மோட்டர் திணறினால் வேகம் குறையும், அவ்வளவுதான். இங்கே மோட்டர் திணறினால் சில்லு பின்தங்கிவிடும், நாம் மட்டும் போவோம். அந்த எல்லையை நெருங்கும்போது யந்திரம் கத்தும். கேட்காவிட்டால் மிதிபலகையின் முன்பக்கத்தை உயர்த்தி நம்மைப் பின்னே தள்ளும். அதையும் மீறிச் சாய்பவருக்கு முழங்கையிலும் தாடையிலும் பாடம் கிடைக்கும்.

அண்ணைக்குச் சொல்ல நினைத்தது இதுதான். 25இல் போவதற்கு 800 வாட் போதும். ஆனால் 25இல் போகும்போது சடுதியாக ஒரு குழி வந்தால், ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால், எதிர்க்காற்று அறைந்தால், அந்தக் கணத்துக்குத் தேவையான சக்தி கையில் மிச்சம் இருக்கவேண்டும். நான் காசு கொடுத்தது, நாளாந்தம் பாவிக்காமல் வைத்திருக்கப்போகும் அந்த மிச்சத்துக்குத்தான்.

முதலில் ஓடிப் பார்த்தது உர்க் கால்வாய்க் கரையில், பொபினியிலிருந்து லா வில்லெத் பக்கமாக. பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் உத்தரவிட்டு வெட்டுவித்த கால்வாய். அதன் கரையோரச் சைக்கிள் பாதையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. புதுச் சில்லு பழக இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

ஏறுவதே வேறு மாதிரி. சின்னதில் ஒரு காலை வைத்து, மற்றக் காலால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும். பெரியதில் மிதிபலகை உயரம். ஒரு காலை வைத்ததும் 27 கிலோவும் கெண்டைக்காலின் உட்புறத்தில் வந்து சாய்கிறது. நடை வேகத்தில் அது வெறும் பாரம். எந்தப் பக்கம் விழலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பாரம். கால்வாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை, ஒன்றும் பிடிக்காத ஒரு சிறுமி ஸ்கூட்டரில் கடந்து போனாள். ஆனால் வேகம் சைக்கிள் வேகத்தை எட்டியதும் எல்லாம் மாறிவிடுகிறது. பாரமும் விட்டமும் கூடிய சில்லு சுழலத் தொடங்கினால் அசைக்க முடியாத ஒரு நிதானம் அதற்கு வந்துவிடுகிறது. சின்னச் சில்லில் ஓயாமல் செய்துகொண்டிருந்த சிறு சிறு திருத்தங்கள் இங்கே தேவைப்படவில்லை. பழக்கதோஷத்தில் கணுக்கால் திருத்தினாலும் சில்லு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

திருப்பத்தில்தான் உடம்பு புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. சின்னதைக் கணுக்காலால் திருப்பலாம். பார்வை போன இடத்துக்கு அதுவும் போகும். பெரியது கேட்ட பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புகிறது. இடுப்பைத் திருப்பி, வெளிப்பக்க முழங்காலால் கூட்டை அழுத்தி, முன்கூட்டியே சொல்லவேண்டும். சைக்கிள் பாதையில் குறுக்கே வைத்திருக்கும் தடுப்புக் கம்பிகளுக்கிடையே வளைந்து போவதெல்லாம் முதல் நாட்களில் இறங்கி உருட்டிய இடங்கள். நிறுத்துவதும் அப்படியே. மோட்டருக்கு நல்ல பிடி இருக்கிறது, அதற்கு ஈடாக நாம்தான் முழங்காலை மடித்துப் பின்னே குந்தத் தெரிந்திருக்கவேண்டும்.

வில்லெத் தடாகத்தின் கரையில் சில இடங்களில் பழைய கருங்கல் பாவிய தரை உண்டு. சின்னச் சில்லில் அந்த இடம் எனக்கு ஒரு தண்டனை. பல் அடிக்கும், குதிக்கால் எழும்பும், பாதம் மிதிபலகையில் ஊர்ந்து ஊர்ந்து இடம் மாறிவிடும். வி11இன் அதிர்வுதாங்கிக்கு நம் எடைக்கு ஏற்றபடி கைப்பம்பால் காற்று அடிக்கவேண்டும். கூடினால் கட்டை, குறைந்தால் தொய்வு. சரியாக அடித்துக்கொண்டு அதே கல்லுத் தரையில் போனபோது, இதுவரை காலால் அறிந்த கற்களைக் காதால் அறிந்தேன். கடகடவென்ற சத்தம் கீழே எங்கோ நடக்கிறது, மேலே உடம்பு நேராகப் போகிறது. 18 அங்குலச் சில்லு சிறு குழிகளுக்குள் இறங்காமல் கடந்துவிடுவதும் ஒரு காரணம். தடாகத்தின் முடிவில் கிறிமே தெருவின் தூக்குப்பாலம், 1885இல் கட்டியது, படகுக்காக எழும்பியிருந்தது. பக்கத்தில் காத்துநின்ற சைக்கிள்காரர் ஒருவர் அதிர்வுதாங்கியைக் குனிந்து பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியையே கேட்டார்.

பாரிசின் மெனில்மொந்தான் ஏற்றத்தில்தான் வாட் கணக்குக்கு அர்த்தம் விளங்கியது. பற்றரி பாதிக்கு வந்த குளிர்நாளில் சின்னச் சில்லு அந்த ஏற்றத்தின் நடுவில் கத்தத் தொடங்கிவிடும். பெரியது ஏற்றம் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இறக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது: மோட்டர்தான் பிறேக், அது தடுக்கும்போது உண்டாகும் மின்சாரம் பற்றரிக்கே திரும்பும். பற்றரி நூறு வீதம் நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போய் இருக்க இடமில்லை. மேட்டில் குடியிருப்பவர்கள் அதனால் காலையில் முழுச் சார்ஜோடு வீட்டைவிட்டு இறங்காமல் இருப்பது நல்லது.

சட்டம் பற்றியும் சொல்லவேண்டும். பிரான்சில் 2019 ஒக்டோபரில் வந்த ஆணைப்படி இந்த வகை வாகனங்களுக்கு உச்ச வேகம் 25. நடைபாதையில் ஓடினால் 135 யூரோ. 25க்கு மேல் போகக்கூடியதாகச் செய்யப்பட்ட சில்லோடு பிடிபட்டால் 1,500 யூரோ வரை. கடையில் எனக்கு 25இல் பூட்டியே தந்தார்கள். பூட்டை எப்படித் திறப்பதென்று தெரியாத ஓட்டுநர் எவருமில்லை. பொலிசுக்கும் அது தெரியும். சட்டம் எழுதியவர்கள் எளிதாக அளக்கக்கூடிய ஒன்றைத்தான் அளந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 25இல் மூச்சுத் திணறும் சில்லைவிட 25இல் அலட்டிக்கொள்ளாத சில்லு ஓட்டுபவருக்குப் பாதுகாப்பு. நடந்து போகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு: 14 கிலோ வந்து முட்டுவதும் 27 கிலோ வந்து முட்டுவதும் ஒன்றல்ல. இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, மெதுவாகப் போவதைத் தவிர. 2023 ஏப்ரலில் வாடகை ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று பாரிஸ் நகரசபை வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 89 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களே பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பது வேறு கதை. அன்றிலிருந்து சொந்தச் சில்லில் போகிறவனையும் “உதெல்லாம் தடை செய்தாச்செல்லே?” என்று நம்மவர்களே நிறுத்திக் கேட்கிறார்கள்.

பெரியதால் இழந்ததும் உண்டு. லா சப்பேல் மெத்ரோ நிலையம் தெருவுக்கு மேலே தூணில் நிற்கிறது. சின்னச் சில்லை ஒரு கையில் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியவன் நான். பெரியதோடு அது நடவாது. இழுத்துப்போகும் கைபிடி சமதரைக்கு மட்டும்தான் உதவி. சாப்பாட்டுக் கடையில் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுக் கொத்துரொட்டி சாப்பிட்ட காலமும் போய்விட்டது. இப்போது அதற்கென்று ஒரு மூலை கேட்கவேண்டும். ஆகவே சின்னதை விற்கவில்லை. மழை இருட்டும் நாட்களில், வரும்போது மெத்ரோவில் வரவேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அதுதான் வெளியே போகிறது.

எனக்குச் சங்கடமாக இருப்பது இன்னொன்று. சின்னச் சில்லு எந்நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். ஏற்றம் என்று சொல்லும், பற்றரி குறைகிறது என்று சொல்லும், தரை கரடு என்று பாதத்தில் சொல்லும். அதைக் கேட்டுத்தான் நான் ஓடப் பழகினேன். பெரியது எல்லாவற்றையும் தானே விழுங்கிக்கொண்டு பேசாமல் போகிறது. சட்ட வேகத்துக்கு வந்துவிட்டோம் என்றே காலுக்குத் தெரிவதில்லை. அதனால் கைபேசிச் செயலியில் உச்ச வேகத்தை 22க்கு இறக்கி வைத்திருக்கிறேன். கால்வாய்க் கரையில் பந்தனின் பழைய மாவு ஆலைகளைத் தாண்டி நேர்ப்பாதை வந்ததும் அது கத்தி மிதிபலகையை உயர்த்துகிறது. முதுகுப்பையோடு என்னை முந்திக்கொண்டு போகும் சைக்கிள்காரர்கள் ஏதோ பழுது என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள்.