தங்கமணியின் வாடகைக் கட்டில்கள்

அம்மா போன பிறகு எங்க வீட்டு பால்கனியில் ஒரு கட்டில் மிஞ்சியது. தலைப்பக்கம், கால்பக்கம் ரெண்டையும் திருகி உயர்த்துற ஆஸ்பத்திரிக் கட்டில். இடுப்பு எலும்பு முறிஞ்சு அவங்க படுத்தப்போ 14,000 ரூபாய்க்கு வாங்கினது. விற்கப் போனா 4,000க்கு மேல் யாரும் கேட்கலை. கீழ் வீட்டு மராத்தித் தாத்தாவுக்கு இரவல் போச்சு, அப்புறம் அவங்க சொந்தக்காரருக்கு. "சும்மா வாங்கக் கூச்சமா இருக்கு, வாடகை வாங்கிக்கோங்க"ன்னு அவங்களே சொன்னதில் ஆரம்பிச்சது நம்ம தங்கமணியோட தொழில். இப்போ மூணு கட்டில், ரெண்டு வீல்சேர், ஒரு ஏர் பெட்.

நம்மூர் வாடகைப் பாத்திரக் கடை மாதிரின்னு நினைச்சேன். அங்கே முகூர்த்த நாள் முன்னாடியே தெரியும். இடுப்பு முறியறதுக்குப் பஞ்சாங்கம் கிடையாதே!

காகித வேலை சுலபம்தான். உத்யம் பதிவு இலவசம் (காசு கேட்டா அது அரசு தளம் இல்லை). மகாராஷ்டிராவோட 2017 கடைகள் சட்டப்படி, ஆள் குறைவா இருக்கிற சின்னத் தொழிலுக்குத் தகவல் கொடுத்தாப் போதும். வருஷ வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி தொல்லை இல்லை. முத்ராவில் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாம கடன் உண்டு. நாங்க வாங்கலை. கடன் கொடுக்கிற மேஜைக்குப் பின்னாடி நானே உட்கார்ந்துகிட்டு எப்படிக் கேட்கிறது? வீட்டில் யார் தொழில் செஞ்சாலும் பாங்க் அதிகாரி எழுதித் தெரிவிக்கணும். அதை மட்டும் முதல் வேலையா செஞ்சேன்.

சறுக்கினது என் கணக்கில். மாச வாடகை 1,500, அதனால பத்தே மாசத்தில் முதல் கைக்கு வந்துடும். பி.காம். மூளை! முதல் வருஷம் ஒரு கட்டில் வெளியே இருந்தது சராசரியா அஞ்சு மாசம்தான். ஆறரை அடிக் கட்டில் லிஃப்ட்டில் நுழையாது. சோட்டா ஹாத்தி வண்டிக்கு ஒரு கூலி, படியேற ரெண்டு ஆளுக்கு இன்னொரு கூலி. கொண்டு வரும்போது கொடுக்கிறவங்க திரும்பி எடுக்கும்போது முகம் சுளிப்பாங்க. இப்போ ரெண்டு நடைக்கும் முதல்லயே வாங்கிடறோம். ஏர் பெட்டில் ஊசித்துளை விழுந்தா தேடிக் கண்டுபிடிக்க அரை நாள்.

இன்னொண்ணு. பூனாவில் "ருக்ணோபயோகி சாஹித்ய கேந்திரம்"னு சேவை அமைப்புகள் டெபாசிட்டும் பேருக்கு ஒரு வாடகையும் வாங்கிட்டு இதே சாமான்களைக் கொடுக்கிறாங்க. அவங்களோட போட்டி போட முடியாது, போடவும் கூடாது. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகி வர்றவருக்குக் கட்டிலோட வண்டியும் ஆளும் வேணும். தங்கமணிக்கு வாடகை கிடைக்கிறது அதுக்குத்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு கட்டில் போன ஆறாம் நாளே ஃபோன். "காகு, பெட் பரத் ந்யா." கட்டிலைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். பெரியவர் போயிட்டார். குறைஞ்சது ஒரு மாச வாடகைங்கிறது எங்க விதி. தங்கமணி டெபாசிட்டோட 1,000 ரூபாயும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துட்டா.

"விதின்னு ஒண்ணு எதுக்கு? வண்டிக்காரர் பாதி வாங்கிக்கிறாரா?" என்றேன்.

"குணமாகித் திருப்பி அனுப்பறவங்க எத்தனை பேர்னு உங்க நோட்டில் எழுதியிருக்கீங்களா?" என்றாள். எழுதலை. அப்புறம் எண்ணிப் பார்த்தோம், பாதிகூட இல்லை.

ரெண்டு நாள் பேச்சில்லை. மூணாம் நாள் விதியை மாத்தினோம்: குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல் தினக் கணக்கு. அதுக்குள்ள யாராவது போயிட்டா, இருந்த நாளுக்கு மட்டும். இதனால வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் குறையும்னு எழுதிக் காட்டினேன். படிச்சுப் பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை வாக்கட்டில் ஒரு டெலிவரி இருக்கு. நீங்க முன்னாடி போய்ப் படிக்கட்டு அகலத்தை அளந்துட்டு வாங்க" என்றாள்.